ஹாரான்தாவின் பெயரில் நான் ஆடிய ஆட்டம்

இதை எழுதி முடிக்க எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு தமிழில் எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட கடிதங்கள்தான், அதுவும் நின்று வெகுநாள் ஆகிறது. எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருப்பேன், சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் தமிழ்ச் சங்க மலரில் பணி அனுபவம் எழுத பேங்க் ஆபீசர்களையும் போர்ட் ஆபீசர்களையும்தான் கேட்பார்கள். என்னிடம் கேட்டபோது ஆள் மாறிக் கேட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். இரண்டாம் தரமும் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் அலிப்பூர் பக்கம் ஓர் எட்டு மாடி ஆபீஸ் கட்டடத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். கட்டடத்தின் பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரர் கிடர்பூர் கப்பல் டாக்கில் கிரேன் ஆளாக இருந்தார். அவர் போன பிறகு இந்த வேலைக்கு வந்தேன். முதலில் பெருக்கித் துடைத்தேன். பிறகு பாத்ரூம் செக்லிஸ்ட். கடைசி ஆறு வருஷம் பேஸ்மென்டில் பம்ப் ரூம் வாசலில் வேலை. மணிக்கு ஒரு தரம் டேங்க் லெவல் எழுத வேண்டும். மோட்டார் சத்தம் மாறினால் ஆளைக் கூப்பிட வேண்டும். மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நாங்கள் ஏழு பேர் கீழே இருப்பதே குழாயில் தண்ணீர் வராத அன்றைக்குத்தான் தெரியும். எங்களை ‘ஃபெசிலிட்டி’ என்பார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டால் ‘மாஷி’. பங்களாவில், அதாவது வங்காள மொழியில், சித்தி, பெரியம்மா மாதிரி. என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

கீழே வருகிற பேச்செல்லாம் பங்களாவில் பேசியது. நான் நம் பேச்சில் எழுதியிருக்கிறேன். முருகேசன் என்ற பையன் என்னிடம் பேசியது மட்டும் தமிழ்.

1. விளையாடச் சொன்னார்கள்

ஒரு நாள் காலை எங்கள் மேனேஜர் தத்தா சார் ஏழு பேரையும் உடை மாற்றுகிற அறைக்கு வரச் சொன்னார். அங்கே ஹெட் ஆபீசிலிருந்து பல்லவி மேடம் வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பையிலிருந்து ஒரு டேப் எடுத்தார். போன் மாதிரிதான், ஆனால் ஸ்லேட்டு அளவு பெரிசு.

“இது பரீட்சை இல்ல. விளையாட்டு” என்றார். “இதுல ஒரு கட்டடம் இருக்கு, உங்க கட்டடம் மாதிரியே. பம்ப் நிக்கும், லிஃப்ட் மாட்டிக்கும், தீ பிடிக்கும். என்ன செய்யணுமோ அதைத் தொட்டுத் தொட்டுச் செய்யணும். தப்பு பண்ணா யாரும் திட்ட மாட்டாங்க. ஜாலியா ஆடுங்க.”

எங்களை அந்தக் கட்டடத்தில் உட்காரச் சொன்னவர்களே குறைவு. ஜாலியாக ஆடச் சொல்கிறார்கள் என்றால் பயம் வராதா?

எலக்ட்ரீஷியன் முருகேசன் என் பக்கத்தில் நின்றான். அவனும் கிடர்பூர்தான். அவன் அப்பாவும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிஃப்ட். என்னை அத்தை என்பான். பங்களா அவனுக்குத் தண்ணி பட்ட பாடு, தமிழ்தான் தட்டுத் தடுமாறும். காதருகே வந்து சொன்னான்:

“அத்தை, சம்பளம் குடுத்து விளையாடச் சொல்றான்னா ஏதோ கோல்மால் இருக்கு. ஏழு பேரு எதுக்கு, நாலு பேரு போதாதான்னு பாக்கறான்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. எனக்கே புஜ்தே பார்ச்சி.” புரிகிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னான்.

மேடம் போன பிறகு ஏழு பேரும் டேப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆட்டத்தைச் சொல்கிறேன். முதலில் நமக்கு ஒரு பொம்மை ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் பேன்ட் போட்டு ஹெல்மெட் வைத்த பொம்மைகள். மணி அடிக்கும். எது பழுது என்று பங்களாவில் ஒரு குரல் சொல்லும். பொம்மையை நடத்திப் போய்ச் சரியான சாமானை எடுத்து, சரியான வரிசையில் செய்ய வேண்டும். சரியாகச் செய்தால் பச்சை விளக்கும் ஒரு பாட்டுத் துண்டும். தப்பாகப் போனால் தண்ணீர் பீறிடும், அல்லது இருட்டிவிடும். சில லெவலில் பொம்மை ஆள் விழுந்துவிடுவான், படம் சாம்பல் நிறமாகிவிடும்.

ஒவ்வொரு லெவல் முடிவிலும் மூன்று முகம் வரும், சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். ‘உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?’ என்று கேட்கும். இந்த முகத்தை வைத்து நாங்கள் பேசிய பேச்சு கொஞ்சமில்லை.

“சிரிக்கிறதைத் தொட்டா, ரொம்பத் தெரிஞ்சவன்னு புது சைட்டுக்குத் தூக்கிடுவான்” என்றான் முருகேசன். அப்போது ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் கம்பெனிக்கு ஒரு புதுக் கட்டடம் வந்துகொண்டிருந்தது.

“அழுறதைத் தொட்டா?”

“நேரா வீட்டுக்கு.”

ஆகவே ஏழு பேரும் நடு முகத்தையே தொடுவது என்று முடிவானது. டேப்பின் தலைப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அது கேமரா, நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்றும் முருகேசன் சொன்னான். நான் பேசாமல் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தப் புள்ளி மேல் ஒட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எடு என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பல்லவி மேடம் அதைப் பார்த்துவிட்டார். “இது என்ன?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிளம்பர் ஹாரான்தா பதில் சொன்னார்: “யந்திரம் இல்லையா மேடம்? விஸ்வகர்மா பூஜைக்கு டிரில் மெஷினுக்கே நாங்க பொட்டு வைப்போம். இது புதுசு, முன்னாடியே வெச்சுட்டோம்.”

மேடம் சிரிக்கவும் இல்லை, பொட்டை எடுக்கவும் இல்லை. அதையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

2. கண்ணாடி மதிக்காத விரல்

ஹாரான்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஹாரான், ‘தா’ என்பது ‘தாதா’, அதாவது அண்ணன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் தாதா. அவர் மட்டும் என்னை மாஷி என்று சொல்லாமல் திதி, அதாவது அக்கா என்பார். குழாய் வேலையில் அவருக்குத் தெரியாதது கிடையாது. சுவரில் காதை வைத்து எந்த மாடியில் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார்.

அவர் விரலை டேப் ஏற்றுக்கொள்ளவில்லை. தொடுவார், ஒன்றும் நடக்காது. அழுத்துவார், நடக்காது. முப்பது வருஷம் இரும்பும் சிமென்டும் கெமிக்கலும் பட்டு விரல் நுனி செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. கண்ணாடிக்கு அது விரல் என்றே தெரியவில்லை. குரல் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும்: ‘நேரம் முடிந்தது. மீண்டும் முயலுங்கள்.’

“என்னை மட்டும் வேணாங்குதே திதி” என்றார் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவள் காலேஜ். டேப்பில் வருகிற மார்க் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே சிவப்பாகவே இருந்தது. சிவப்பு என்றால் வீட்டுக்கு என்று நாங்களாகவே முடிவு செய்து வைத்திருந்தோம்.

அடுத்துச் சொல்வதை நான் வெட்கப்பட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எனக்கு அந்த ஆட்டம் வந்தது. வந்தது மட்டுமில்லை, பிடித்தும் இருந்தது. பம்ப் ரூமில் மணிக்கு ஒரு தரம்தான் வேலை. மற்ற நேரம் தனியாக இருப்பேன். எழுத்து படிக்காமல் நிறத்தையும் சத்தத்தையும் வைத்தே ஆடிவிடலாம். தப்பானால் இன்னொரு தரம், அதுவும் தப்பானால் மறுபடியும். யாரும் பார்ப்பதில்லை, யாரும் சிரிப்பதில்லை. மஞ்சள் ஹெல்மெட் போட்ட பெண் பொம்மையை வைத்துக்கொண்டேன். அவள் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்ட பொம்மைகளை எல்லாம் வெளியே கொண்டு வருவாள். நான் வாழ்நாளில் ஒரு லிஃப்ட் பூட்டையும் தொட்டதில்லை.

“ஹாரான்தா, உங்க நம்பரைப் போடுங்க. நான் ஆடித் தரேன்” என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை. இதை எங்கே சொன்னாலும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு ஆடினதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒருவருக்குக் கண் தெரியவில்லை, ஒருவருக்குப் பொறுமை இல்லை, ஒருவர் வெறும் சோம்பேறி. கடைசியில் முருகேசன் தவிர ஆறு பேருக்கும் நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன், என்னையும் சேர்த்து.

3. ஏழு பேரும் மறந்த கையுறை

இதில் ஒரு கணக்கு இருந்தது. பாஸ் ஆக வேண்டும், ஆனால் ரொம்ப நன்றாகவும் ஆகக் கூடாது, புது சைட்டுக்குத் தூக்கிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு லெவலிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்வேன். எந்தத் தப்பு செய்தால் மார்க் குறையும், ஆனால் ஆள் விழ மாட்டான் என்று தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஆரம்பத்தில் கையுறை மாட்டாமல் போவதுதான் அது. முருகேசனும் என்னைக் கேட்டு அதையே செய்தான்.

ஒரு மாதம் கழித்து பல்லவி மேடம் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே கையுறைகள். ஒரு மணி நேரம் கையுறையைப் பற்றி மட்டும் வகுப்பு எடுத்தார். ஏன் போட வேண்டும், எப்படிப் போட வேண்டும், எப்படிக் கழற்ற வேண்டும் என்று.

“நான் எத்தனையோ கட்டடத்துக்குப் போறேன்” என்றார். “ஒரு இடத்துல வால்வு தப்பா போகும், ஒரு இடத்துல லிஃப்ட். இங்க மட்டும் ஏழு பேரும், எல்லா லெவல்லயும், கையுறையை மட்டும் மறக்கறீங்க. வேற ஒரு தப்பும் இல்ல. ஏழு பேருக்கும் ஒரே மூளையா?”

முருகேசன் இருமினான். ஹாரான்தா கூரையைப் பார்த்தார்.

தத்தா சார் கதவருகே நின்றுகொண்டிருந்தார். “பழக்கம் மேடம். இந்த ஊர் ஈரத்துக்கு யாரு கையுறை போடுவா?” என்று சொல்லி அவரை டீக்கு அழைத்துப் போய்விட்டார். போகும்போது என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நமக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகியும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

4. சம்ப்

அந்த மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. ரோட்டில் முழங்கால் அளவு நின்றது. எங்கள் பேஸ்மென்டில் கழிவுநீர் சேருகிற சம்ப் ஒன்று உண்டு. தரையில் இரும்பு மூடி, உள்ளே கிணறு மாதிரி ஆழம், சுவரில் ஏணிப்படி. அடியில் இரண்டு பம்ப். ஒன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றதும் அடைத்துக்கொண்டு உறுமியது. சத்தம் மாறியதும் நான்தான் கூப்பிட்டேன்.

பம்ப்பைச் சங்கிலியால் மேலே இழுத்துச் சுத்தம் செய்வதுதான் வழக்கம். அன்றைக்குப் பார்த்து சங்கிலியின் மேல் நுனி கொக்கியிலிருந்து நழுவி உள்ளே விழுந்து, ஏழெட்டுப் படிக்குக் கீழே ஏணியில் சுற்றிக்கொண்டது. மூங்கிலில் கம்பி கட்டித் துழாவினார்கள். வரவில்லை. தண்ணீர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. சம்ப் நிரம்பி வழிந்தால் பத்தடி தள்ளி கரன்ட் மெயின் பேனல். மேலே ஆறாவது மாடியில் ஏதோ பெரிய மீட்டிங். தத்தா சாருக்கு நிமிஷத்துக்கு ஒரு போன் வந்தது.

“ஒரு ஆள் எட்டுப் படி இறங்கி சங்கிலியை எடுத்துக் குடுத்தா போதும். ரெண்டு நிமிஷ வேலை” என்றார். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். பெர்மிட். யாரை இறக்கலாம் என்ற பட்டியல் அதோடு இணைத்திருந்தது. முதல் தரமாக அப்போதுதான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். ஆட்டத்தில் தொட்டி லெவல், அதாவது தொட்டிக்குள் இறங்குகிற லெவல், பாஸ் ஆனவர்களின் பெயர்கள். முருகேசன் எலக்ட்ரிக்கல், அவனுக்கு அந்த லெவலே வராது. மற்ற பெயர்களில் முதல் பெயர் ஹாரான்தா. பெயருக்கு நேரே பச்சை.

அந்தப் பச்சை நான் போட்டது.

நாங்கள் எல்லோரும் சிவப்பைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தோம். பச்சை எதற்கு என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஹாரான்தா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கம்ச்சாத் துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். செருப்பைக் கழற்றினார். பல வருஷமாக அவர் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தார். நானும் பார்த்திருக்கிறேன், பயந்ததில்லை. ஆனால் அந்தத் தொட்டி லெவலை நான் ஆறு பேருக்காக ஆறு தரம் ஆடியவள். அதற்கு முன் தெரியாமல் ஆடிய தரங்கள் எண்ணிக்கையில் இல்லை. மூடியைத் திறந்ததும் நேரே இறங்கினால் நாலாவது படியில் பொம்மை ஆள் கையை விட்டுவிடுவான். காப்பாற்றப் போகிற பொம்மையும் விழுவான். எத்தனை தரம் இறக்கினாலும் அதே நாலாவது படி.

“சார், மீட்டரு?” என்றேன். பம்ப் உறுமலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“என்ன மீட்டர்?”

“உள்ள காத்து எப்படி இருக்குன்னு பாக்கற மீட்டரு. ஆட்டத்துல முதல்ல அதான்.”

“அது ஆட்டம் மாஷி. இது வேலை. நீ போய் லெவல் எழுது.”

ஹாரான்தா கம்ச்சாவுக்குள்ளிருந்து சொன்னார்: “ஆரே திதி, நான் இறங்காத சம்ப்பா? பூதம் கீதம் இருந்தா என்னைப் பாத்து அது ஓடிடும்.” சொல்லிக்கொண்டே மூடி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டு முதல் படியைத் தேடினார்.

நான் பொதுவில் பேசுகிறவள் இல்லை. அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

“அவரு அந்த லெவலை ஆடல” என்றேன். “நான்தான் ஆடினேன். அவரு விரலு அதுல வேலை செய்யாது. எல்லாருக்கும் நான்தான் ஆடினேன். உள்ள என்ன செய்யணும்னு அவருக்குத் தெரியாது.”

ஹாரான்தா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தத்தா சாரைத்தான் பார்த்தேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. மெதுவாகக் கேட்டார்:

“நான் உன்னைக் கேட்டேனா, மாஷி?”

அந்தக் கேள்வியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

முருகேசன்தான் முன்னால் வந்தான். “சார், இப்ப எல்லாரும் கேட்டாச்சு. பெர்மிட்ல கீழ உங்க கையெழுத்து இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா மாஷி சொல்லியும் இறக்கினீங்கன்னு ஆகும்.”

தத்தா சார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். இரண்டாக மடித்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “டேங்கர் கூப்பிடு” என்றார்.

ஹாரான்தா காலை வெளியே எடுத்துக்கொண்டார்.

5. அதற்குப் பிறகு

உறிஞ்சுகிற டேங்கர் வண்டி தண்ணீர் தேங்கிய ரோட்டில் நீந்தி வர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் சம்ப் வழிந்துவிட்டது. முருகேசன் மெயின் பேனலை நிறுத்தினான். எட்டு மாடியும் இருட்டு. மீட்டிங்கில் இருந்தவர்கள் போன் வெளிச்சத்தில் படி இறங்கி வந்தார்கள். நாங்கள் முட்டியளவு அழுக்கில் வாளி வைத்து இறைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் எங்களைப் பார்த்து, “இத்தனை பேர் இருந்து என்ன செய்றாங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஹாரான்தா என்னோடு பேசவில்லை. சாயங்காலம் போகும்போது மட்டும் நின்று சொன்னார்: “என் பேரைப் பச்சையாக்குனதும் நீ. எல்லார் முன்னாடியும் அழிச்சதும் நீ. நான் உன்கிட்ட ரெண்டுமே கேக்கல திதி.”

அவர் சொன்னது சரிதான்.

மறுநாள் காலை வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. மூன்று பேர், ஆளை இறக்குகிற முக்காலிச் சட்டம், பெல்ட், காற்று ஊதுகிற ப்ளோயர் எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். டேங்கர் உறிஞ்சியதில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. சங்கிலி அப்படியே தொங்கியது, நாலு படி இறங்கிக் கை நீட்டினால் எட்டும் போல. மூடி இரவெல்லாம் திறந்தே கிடந்தது. இனி உள்ளே என்ன விஷக் காற்று இருக்கப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதில் ஒருவர் உள்ளங்கை அளவு மஞ்சள் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். நாலைந்து படி ஆழம்கூடப் போகவில்லை. அது கத்த ஆரம்பித்தது. நிறுத்தாமல் கத்தியது. பேஸ்மென்ட் முழுக்க எதிரொலித்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர், “நேத்து யாராவது இறங்குனீங்களா?” என்று கேட்டார்.

ஹாரான்தா தள்ளி, தூண் ஓரமாக நின்றிருந்தார். கம்ச்சா கழுத்தில் இருந்தது. அதைக் கழற்றி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மூன்று நாள் கழித்துப் பம்ப் ரூம் வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “திதி, அந்த ஆட்டத்துல எது முதல்ல? ப்ளோயரா, மீட்டரா?”

அதற்குப் பிறகு விசாரணை நடந்தது. எல்லா ஸ்கோரையும் அழித்துவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது, முருகேசன் படித்துச் சொன்னான். ‘ஏமாற்றுதல்’ என்று இரண்டு இடத்தில் இருந்ததாம். பத்து நாள் வர வேண்டாம் என்றார்கள். திரும்பி வந்தபோது பல்லவி மேடம் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தனித்தனியாக ஆடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாரான்தாவுக்கு நுனியில் ரப்பர் வைத்த பேனா கொடுத்தார். கண்ணாடி அதை ஏற்றுக்கொண்டது. இத்தனை நாள் எங்களில் ஒருவர், “மேடம், இவர் விரலுக்கு வேலை செய்யவில்லை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் வாரமே அந்தப் பேனா வந்திருக்கும். சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்ததில் கேட்கத் தோன்றவில்லை.

தொட்டி லெவலில் ஹாரான்தா நாலு தரம் செத்தார். கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் ஒரு தரம், மீட்டரை மேலேயே காட்டிவிட்டு இறங்கி ஒரு தரம், மற்ற இரண்டும் நினைவில்லை. நாலாவது தரம் படம் சாம்பலானதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஒரே காலையில இவ்வளவு சாவு போதும் மேடம், டீ குடிச்சிட்டு வந்து சாகறேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஆனால் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்றைக்கு மேடத்திடம் ஒரு கேள்வி கேட்டேன். எங்களைப் பிடிக்கத்தானே இந்த ஆட்டம் என்று. அவர் இல்லை என்றார். அதை நான் முழுக்க நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. ஆனால் இன்னொன்று சொன்னார். ஏழு பேருக்கும் ஒரே தப்பு வருகிறது, ஒரே ஆள் ஆடுகிற மாதிரி தெரிகிறது, விசாரியுங்கள் என்று தத்தா சாருக்கு இரண்டு தரம் மெயில் போட்டாராம். ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று பதில் வந்ததாம். பட்டியல் பச்சையாக இருக்க வேண்டிய தேதி ஒன்று மேலிடத்தில் குறித்திருந்தார்களாம்.

தத்தா சாருக்குத் தெரியும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர் இப்போது வேறு கட்டடத்தில் மேனேஜர். அங்கேயும் பட்டியல் இருக்கும். யாருடைய பச்சையை யார் போட்டார்கள் என்று அங்கே யாராவது கேட்கிறார்களா, தெரியாது. அந்தக் கறுப்புப் புள்ளி வழியாக யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நாங்கள் மாதக்கணக்கில் நடுங்கினோம். உண்மையிலேயே பார்த்திருக்கலாமே. பார்த்திருந்தால் ஹாரான்தா பெயர் அந்தக் காகிதத்தில் வந்திருக்காது.

நான் கற்றுக்கொண்டது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தப் பக்க வேலைக்கு வருகிற சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனியைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தில், கற்றுக்கொள்ள வேண்டியதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். நீங்களும் இன்னொருவருக்காகக் கற்றுக்கொள்ளாதீர்கள், அது நல்ல மனசில் செய்வதாக இருந்தாலும்.

கடைசியாக ஒன்று. தொட்டி லெவலின் வரிசையை எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன். முடிந்தவரை யாரும் இறங்கவே கூடாது, வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப்பின் கரன்டை நிறுத்திப் பூட்டுப் போட்டு, யாரும் தொடாதபடி டேக் தொங்கவிட வேண்டும். மூடியைத் திறந்து வெளியே நின்றபடியே மீட்டரைக் கயிற்றில் விட்டு மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். பிறகு ப்ளோயர். பிறகு மறுபடியும் மீட்டர். பெல்ட், கயிறு, வெளியே இடத்தை விட்டு நகராத ஓர் ஆள். உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது.

இப்படித்தான் என்று நான் சொல்கிறேன். முருகேசன், ப்ளோயர் போட்ட பிறகுதான் முதல் மீட்டர் என்கிறான். பூட்டுப் போடுவது மூடி திறக்கும் முன்பா பின்பா என்பதிலும் எனக்கு இப்போது தடுமாற்றம் வருகிறது. ப்ளோயரை எவ்வளவு நேரம் ஓட விட வேண்டும் என்பது அடியோடு மறந்துவிட்டது. மலரைத் தயாரிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: மற்ற பிழைகளைத் திருத்தாவிட்டாலும் பரவாயில்லை, மேலே எழுதிய அந்த ஒரு பத்தியை மட்டும் இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டி, சரி பார்த்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். நான் எழுதியதை நம்பி யாரும் இறங்கிவிடக் கூடாது.